பன்னிரண்டு நிமிடம்

அக்டோபர் 6, ஞாயிறு. தானே

மகளின் பண்டிகை முகாம் படிவத்தை இன்று நிரப்பினேன். பெயர் யாயேல் பென்கர். வயது பதினைந்து. தந்தை மெனாஷே. தாய் ரூத். ரூத் என்று எழுதும்போது இன்னும் வேறு யாருடைய பெயரையோ எழுதுகிற மாதிரிதான் இருக்கிறது. தாராவியில் பேச்சி அக்கா வீட்டில் நான் இன்றைக்கும் செண்பகம்தான். மெனாஷேயைக் கட்டிக்கொள்வதற்காக யூத மதத்துக்கு மாறி, தண்ணீரில் மூன்று முறை முங்கி எழுந்து, இந்தப் பெயரை வாங்கிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

ஒன்பதாவது கேள்வி: பிள்ளைக்கு நோய் ஏதும் உண்டா, தினமும் மருந்து எடுக்கிறதா? இல்லை என்று எழுதினேன்.

மெனாஷே எட்டிப் பார்த்துவிட்டு, இது தப்பு என்றார். தப்புத்தான். சரியானதை எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? இந்த ஊர் யூதர்களை மொத்தமாக எண்ணினால் ஒரு லோக்கல் ரயிலுக்குக் காணாது. யார் வீட்டில் யாருக்குத் தும்மல் என்பது மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ஜெப ஆலயத்து ரிவ்காவின் மகளுக்கு வலிப்பு என்று தெரிந்ததும், பேசி முடித்த சம்பந்தம் ஒரே வாரத்தில் திரும்பிப் போனது. யாயேல் ஏற்கெனவே மதராசிக்காரி பெற்ற பிள்ளை. சர்க்கரையும் சேர்ந்தால்? கிழவர்களுக்கு வருகிற சர்க்கரைகூட இல்லை இது. உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. வந்து பதினான்கு மாதம் ஆகிறது. தினம் நான்கு ஊசி. எங்கள் மூன்று பேருக்கும் பேச்சி அக்காவுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

யாயேல் படிவத்தைப் படித்துவிட்டு, "இல்லைன்னு எழுதிட்டியா? அப்போ ஊசிய எங்க போடுறது, மரத்துக்குப் பின்னாலயா?" என்றாள்.

அதனால்தான் நானும் வருகிறேன் என்றேன். முகாமில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். போகட்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

பேச்சி அக்கா போன் செய்தாள். ஓலைப் பந்தலில் போய் என்னட்டி பண்ணப் போறீங்க என்று கேட்டாள். இது அறுவடைப் பண்டிகை, சுக்கோத் என்று பெயர், முன்னோர்கள் பாலைவனத்தில் குடிசை போட்டுத் திரிந்ததை நினைத்து ஏழு நாள் பந்தலுக்குள் சாப்பிட்டுத் தூங்க வேண்டும் என்று விளக்கினேன். தானேயில் உள்ள யூதப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை கர்ஜத் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அவர்களே பந்தல் போட்டு அதிலேயே இருப்பார்கள்.

எல்லாம் சரி, சர்க்கரை விஷயத்தைச் சொல்லிட்டியா என்றாள். நான் பேச்சை மாற்றினேன். அவள் விடுவாளா?

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்கியேட்டி. சோறும் கெட்டு, காயும் கெட்டுப் போவும்."

அவளுக்கென்ன, மூன்றும் ஆண் பிள்ளைகள்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று பாவ மன்னிப்பு நாள். எல்லோரும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தார்கள். யாயேல் இருக்கக் கூடாது. ஜெப ஆலயத்துக்குப் போனால் தோழிகள் முன்னால் சாப்பிட வேண்டியிருக்குமே என்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துவிட்டேன். திரையை இழுத்துவிட்டு இட்லி கொடுத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றாள்.

பெட்டி கட்டியாகிவிட்டது. இன்சுலின் பேனா மூன்று, ஐஸ் பை, குளுக்கோஸ் மாத்திரை ஆறு உருளை, முழுக்கை மேலாடை ஏழு. கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை அளக்கும் வட்டமான கருவி தெரியக் கூடாது. கேட்டால் வெயில் அலர்ஜி என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 14, திங்கள். கர்ஜத்

வந்து சேர்ந்தோம். தலைவர் எஸ்ரா தல்கர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளைகளின் போனையெல்லாம் ஒரு கூடையில் வாங்கிக்கொண்டார். யாயேலின் போனை நான் முன்னாலேயே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். கையில் இருக்கும் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் போனுக்குத்தான் சர்க்கரை அளவை அனுப்பும். முப்பதடிக்கு மேல் தள்ளிப் போனால் எண் வராது.

ஆகவே முப்பதடிக்குள் நான் இருந்தாக வேண்டும். பிள்ளைகள் ஆற்றுக்குப் போனார்கள். கொத்தமல்லி தேடுகிறேன் என்று நானும் போனேன். ஆற்றங்கரையில் எங்கே கொத்தமல்லி? யாயேல் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

மதியம் 142. சாயங்காலம் 117. நல்ல எண்கள்.

சமையல்கட்டில் எனக்குத் துணை ஷூலமித். ஓய்வு பெற்ற நர்ஸ். படிவங்களை வாங்கி அடுக்கி வைத்திருப்பவளும் அவள்தான். வந்ததும் முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். ரத்தம் பட்டது இவர்களுக்கு விலக்கு. நானும் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன். ஆனாலும் நான் உடைத்த முட்டையை அவள் இன்னொரு தரம் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக இதேதான். என் கை பட்டது எதுவும் இவர்களுக்கு ஒரு தரம் பார்த்தால் போதாது.

அக்டோபர் 15, செவ்வாய்

பந்தல் எழுந்துவிட்டது. மூங்கிலும் துணியும் சுவர். மேலே தென்னை ஓலை. ஓலையை நெருக்கமாக வேயக் கூடாதாம், இடைவெளியில் நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். பிள்ளைகள் கொய்யாவும் மாதுளையும் கட்டித் தொங்கவிட்டார்கள். யாயேல் ஏணி மேல் நின்று சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

மேற்கே மேகம் கறுத்திருக்கிறது. மேலே ஒரு தார்ப்பாய் போடலாமே என்று எஸ்ராவிடம் கேட்டேன். தார்ப்பாய் போட்டால் அது பந்தலே ஆகாது, அதற்கடியில் சாப்பிட்டால் கணக்கில்லை என்றார். மழை வந்தால்? மற்ற நாளானால் உள்ளே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாமாம். ஆனால் முதல் ராத்திரி மட்டும் ஒரு வாய் ரொட்டியாவது பந்தலுக்குள் சாப்பிட வேண்டும், அதனால் மழை விடும்வரை காத்திருப்பது வழக்கம் என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஊசி போட்டுவிட்டு யாயேல் எப்படிக் காத்திருப்பாள்? அதை அவரிடம் கேட்க முடியாமல் ஓலையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 16, புதன். பிற்பகல்

மூன்று மணி. நாலு கோழி தேங்காய்ப் பாலில் வேகிறது. கறியோடு பாலும் தயிரும் சேரக் கூடாது என்பதால் இவர்கள் சமையலில் தேங்காய்ப் பால்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிறந்த வீட்டிலேயே படித்துவிட்டு வந்தேன்.

எஸ்ரா நேர அட்டவணை கொடுத்தார். ஆறுக்கு விளக்கு. பிறகு பிரார்த்தனை. சரியாக ஏழுக்குப் பந்தலில் திராட்சை ரச ஆசீர்வாதம், ரொட்டி, சாப்பாடு. ஊசி போட்டுப் பதினைந்து நிமிடத்தில் சாப்பிட வேண்டும். ஆறே முக்காலுக்குக் குளியலறையில் போட்டுக்கொள் என்று யாயேலிடம் சொல்லியிருக்கிறேன்.

வானம் மூடிக்கொண்டு வருகிறது. இனி சனிக்கிழமை சாயங்காலம் வரை எழுதக் கூடாது. இரண்டு நாள் பண்டிகை, அதை ஒட்டி ஓய்வு நாள். கர்த்தாவே, மழை வேண்டாம்.

அக்டோபர் 17, வியாழன்

எழுதக் கூடாத நாள்தான். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று ஆறே முக்காலுக்கு யாயேல் ஊசி போட்டுக்கொண்டாள். அப்போது 138. ஆறு ஐம்பதுக்கு மழை கொட்டியது. பந்தலில் போட்ட மேஜைவிரிப்பு, தட்டு எல்லாம் நனைந்துபோனது. பிள்ளைகள் ஓடிவந்து தாழ்வாரத்தில் நின்றார்கள். பிரார்த்தனை முடிந்தது. எஸ்ரா, கொஞ்சம் காத்திருப்போம், முதல் ராத்திரி ரொட்டி பந்தலில்தான் என்றார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கைதட்டிப் பாடினார்கள். யாரும் எதையும் வாயில் வைக்கவில்லை. ஆசீர்வாதம் சொல்லாமல் சாப்பிடுவது வழக்கமில்லை.

போனைச் சமையல்கட்டில் மசாலா டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஏழு ஆறுக்கு 104. ஏழு பதினாறுக்கு 83, அம்புக்குறி கீழே பார்த்தது. ஏழு இருபத்தாறுக்கு 64. எழுபதுக்குக் கீழே போனால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். அவளுடைய குளுக்கோஸ் பை முற்றத்துக்கு அந்தப் பக்கம் படுக்கை அறையில் இருந்தது. பட்டுப் பாவாடையில் பாக்கெட் கிடையாது.

சமையல்கட்டுக் கதவு தாழ்வாரத்தைப் பார்த்தே இருக்கிறது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஷூலமித் பக்கத்தில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்வாரத்தில் யாரோ கத்தினார்கள். நான் உடனே ஓடினேன். உடனே ஓடினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

யாயேல் தூணோரம் சரிந்து கிடந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. கண் திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. சமையல்கட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த வெல்லப் பாகை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஷூலமித் நாடி பிடித்துக்கொண்டு, என்ன செய்கிறது பிள்ளைக்கு, சொல், சொல் என்று என்னை உலுக்கினாள். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை, அந்தக் களைப்பு என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

பத்து நிமிடத்தில் நினைவு வந்தது. எழுந்து உட்கார்ந்து, இருபத்தோரு பிள்ளைகள் முன்னால், இந்தியில், எனக்குச் சர்க்கரை இருக்கிறது, சாப்பாட்டுக்கு என்று ஊசி போட்டிருந்தேன், சாப்பாடு வரவில்லை என்றாள். அழவில்லை. மழை அப்போதும் விடவில்லை.

எஸ்ரா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் காக்க வைத்தேன், நான்தான் காக்க வைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உயிர் என்று வந்தால் எல்லாக் கட்டளையும் தள்ளி நிற்க வேண்டும், தெரிந்திருந்தால் ஏழு மணிக்கே கூடத்தில் இலை போட்டிருப்பேனே என்றார். நான் முந்தானையால் யாயேலின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

எண்கள் சரியாக இருக்கின்றன. யாயேல் என்னோடு பேசவில்லை.

எஸ்ரா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பாட்டு சொல்லித் தரவும் வரவில்லை.

அக்டோபர் 19, சனி. ஓய்வு நாள் முடிந்த பிறகு

இப்போது எழுதலாம். முதலில் நேற்று முன்தினம் எழுதிய பொய்யைத் திருத்துகிறேன்.

உடனே ஓடவில்லை. ஏழு இருபத்தாறுக்கு 64 என்று பார்த்தேன். யாயேல் கதவு வழியாக என்னைப் பார்த்து, சாப்பிடட்டுமா என்று விரல்களை வாயருகே குவித்துக் கேட்டாள். நான் உள்ளங்கையைக் காட்டி, பொறு என்றேன். அவளுக்கு நாக்கு குழற ஆரம்பித்திருக்கும். இருந்தும் தலையாட்டிவிட்டு எனக்குக் கீழ்ப்படிந்து நின்றாள். அவள் விழுந்தபோது ஏழு முப்பத்தெட்டு. பன்னிரண்டு நிமிடம்.

ஏன் பொறு என்றேன்? ஷூலமித் அப்போது என் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். உன் பெண் எவ்வளவு லட்சணம், எவ்வளவு அடக்கம், நீ நன்றாக வளர்த்திருக்கிறாய் என்றாள். என் கறியை மோந்து பார்த்துவிட்டு, கை மணக்கிறது ரூத் என்றாள். இவர்கள் வாயிலிருந்து பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக இப்படி ஒரு பேச்சு. அது முடியட்டும், முடிந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி அவளை உள்ளே கூப்பிடலாம் என்று நின்றேன். எனக்கு அதைக் கேட்க ஆசையாக இருந்தது. பெற்ற பிள்ளை கண் முன்னால் சரிந்துகொண்டிருக்க, நான் புகழ்ச்சி கேட்டுக்கொண்டு நின்றேன்.

இன்று ஓய்வு நாள் முடிந்து விளக்கு ஏற்றியதும் எஸ்ரா கூடத்து மேஜையில் உட்கார்ந்து ஜெப ஆலயக் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். என்னையும் ஷூலமித்தையும் கூப்பிட்டு மராத்தியில் வாசித்துக் காட்டினார். பிள்ளையின் நிலைக்கு முழுப் பொறுப்பு என்னுடையது, மழைக்காகக் காக்க வைத்தது நான், இனி எந்த முகாமையும் நான் நடத்தப் போவதில்லை என்று எழுதியிருந்தார். தாயும் கையெழுத்துப் போட்டால் நல்லது என்று பேனாவை என்னிடம் நீட்டினார். யாயேல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மராத்தி பேசத் தெரியும், எழுத வராது. வாயால் சொல்லத் தைரியமும் வரவில்லை. கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் தமிழில் எழுதினேன்: அவள் சாப்பிடட்டுமா என்று கேட்டாள், நான்தான் பொறு என்றேன்.

எஸ்ரா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா என்ன எழுதியிருக்கிறார்கள் என்று யாயேலைக் கேட்டார். அவள் வந்து குனிந்து படித்தாள். தமிழ் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் நேரம் எடுத்தது. பிறகு நிமிர்ந்து, யார் மேலும் குறை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றாள்.

கண் இமைக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. அவ்வளவு சுத்தமான பொய். என்னோடு மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாதவள், என்னைக் காப்பாற்ற அதைச் சொன்னாள். இதை அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தது? நான்தான், இட்லியும் சட்னியுமாகத் திரையை இழுத்துவிட்டு ஊட்டி வளர்த்தேன்.

"அது இல்ல. நான் எழுதினது அது இல்ல" என்று தமிழில்தான் வாயில் வந்தது. அப்புறம் மராத்தியில் சொன்னேன். படிவத்தில் நான் எழுதிய பொய், விரதத்தன்று சொன்ன காய்ச்சல், என் உள்ளங்கை, ஏழு இருபத்தாறு, ஷூலமித் பேசியது, நான் நின்றது. இலக்கணம் எங்கெங்கோ போயிற்று.

எவ்வளவு நேரம் என்று எஸ்ரா கேட்டார். சொன்னேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஷூலமித் விட்டுவைக்கவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளிடமா மறைத்தாய், என் கையில் அந்தப் பிள்ளை போயிருந்தால் நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன் என்று கேட்டாள். சம்பந்தம் வராது என்று பயந்தேன் என்றேன். பிள்ளையே இல்லாவிட்டால் யாருக்குச் சம்பந்தம் பேசுவாய் என்றாள். நின்று வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமைக்குள் தானே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ரிவ்கா என்ன சொல்வாள், மெனாஷேயின் தங்கை என்ன சொல்வாள் என்று இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் பந்தலில் உட்கார்ந்தார்கள். யாயேல் நடு பெஞ்சில் இருந்தாள். பக்கத்துப் பெண் எதையோ கேட்க, மேலாடையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, கையிலிருந்த வட்டத்தை அவளிடம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றேன். என் காலடி அவளுக்குத் தெரியும். திரும்பாமலேயே இன்சுலின் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சோறு எவ்வளவு நேரம் ஆகும்மா?"

மூன்று நாளில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி. பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உலையில் அரிசி பாதிதான் வெந்திருந்தது. பதில் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது.

"பதினஞ்சு நிமிஷம்" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சட்டை ஓரத்தைத் தூக்கி, வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஓடி அடுப்பைத் தூண்டிவிட்டேன். வேறெதையும் தொடவில்லை, ஷூலமித் என்னவோ கேட்டதற்குக்கூடத் திரும்பவில்லை. பதினான்காவது நிமிடம் தட்டோடு என் மகள் பக்கத்தில் நின்றேன்.